ஷவருக்கு ஏறாத தண்ணீர்

மாமனார் குளியல் தொட்டிக்குள் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி முட்டி போட்டுக்கொண்டிருந்தார்.

தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மருமகள் டார்ச் பிடித்தாள்.

சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் மூக்கின் மேல் ஒரு குமிழ். அதைத் தூக்கினால் தொட்டிக்குள் விழும் தண்ணீர் நின்று, மேலே ஷவருக்கு ஏற வேண்டும். நேற்று காலையிலிருந்து ஏறவில்லை. கீழே கொட்டோ கொட்டென்று கொட்டியது. ஷவர் பேருக்கு நாலு சொட்டு விட்டது.

"மேல போன்னா கீழ போகுது. நான் பார்த்த லிஃப்ட்ல பாதி இந்தக் கேஸ்தான்" என்றார்.

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எது பழுதானாலும் அது லிஃப்டுக்கு ஏதோ ஒரு வகையில் சித்தப்பா பிள்ளை என்பது அவர் எண்ணம்.

கூடத்தில் அவருடைய பை கட்டித் தயாராக இருந்தது. மத்தியானம் பஸ்.

இந்த வீட்டுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அவர் பையைக் கட்டினால் போதும், ஏதாவது ஒன்று படுத்துக்கொள்ளும். போன தடவை அழைப்பு மணி. அதற்கு முன்னால் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள். அவரும் பையை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, சட்டையைக் கழற்றி மாட்டுவார்.

"பிளம்பரைக் கூப்பிட்டுக்கலாம்ப்பா. நீங்க பஸ்ஸைப் பிடிங்க" என்று கூடத்திலிருந்து மகன் குரல் கொடுத்தான்.

நல்லவன்தான். ஆனால் எப்போது வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமோ அப்போது பார்த்துத் திறப்பான். மருமகள் வாசல் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்துவிட்டு மறுபடி டார்ச்சைக் குழாய்க்குக் காட்டினாள்.

இருங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்க்காமல் இல்லை. சொன்னால், உபசாரத்துக்குச் சொல்கிறாள் என்று சிரித்துவிடுவார். வேலை இல்லாத வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு ஆகாது. எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று தெரிந்தால் கிளம்பிவிடுவார்.

அவளோ நாள் முழுக்கப் போனில் ஊரார் புகாரைக் கேட்கிற வேலையில் இருப்பவள். வீட்டுக்கு வந்தால் கணவன், "வந்துட்டியா" என்பதோடு அன்றைய பேச்சை முடித்துக்கொள்வான். மாமனார்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னைக்கு யாரும்மா திட்டினா?" என்று கேட்பார். முழுசாகக் கேட்பார். திட்டியவனை அவர் பங்குக்கு இன்னும் நாலு வார்த்தை திட்டுவார். அவர் இல்லாத நாட்களில் அத்தனை பேர் திட்டும் அவள் வயிற்றிலேயே தங்கிவிடும்.

அவர் போகக் கூடாது. அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மாமனார் குழாய் மூக்கின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, மெல்ல ஆட்டி ஆட்டி இழுத்து, மூக்கைக் கையோடு எடுத்துவிட்டார். உள்ளே விரலை விட்டு, தண்ணீரை மறிக்கும் ரப்பர் வாஷரை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

அவள் டார்ச்சைச் சற்று விலக்கிப் பிடித்தாள்.

வாஷரின் ஓரத்தில் சின்னச் சின்னப் பிறையாகக் கடி விழுந்திருந்தது. தானாகத் தேய்ந்த ரப்பர் அப்படி இருக்காது. நகவெட்டியால் நறுக்கிய ரப்பர்தான் அப்படி இருக்கும்.

"எலி கடிச்சிருக்கு" என்றார்.

"குழாய்க்குள்ளயா மாமா?"

"கெட்டிக்கார எலி. திருகைக் கழட்டி, கடிச்சிட்டு, மறுபடி மாட்டி வெச்சிருக்கு பாரு."

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. அவர் காலையிலேயே கடைக்குப் போய்ப் புது வாஷர் வாங்கி வந்து சோப்புத் தட்டில் வைத்திருந்தார். அதைப் போட எவ்வளவு நேரம் ஆகும்? பஸ்ஸுக்குத் தாராளமாக நேரம் இருந்தது.

அவர் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, வேலையை முடித்து, மூக்கை மாட்டித் திருகை இறுக்கினார்.

"திறந்து விடும்மா."

திறந்தாள். அவர் குமிழைத் தூக்கினார்.

தண்ணீர் குபுகுபுவென்று தொட்டிக்குள்ளேயே விழுந்தது.

சத்தம் கேட்டு மகன் எட்டிப் பார்த்தான். "இன்னும் சரியாகலையா?"

"பெரிய கோளாறுப்பா. இன்னைக்கு நாளைக்கு முடியற வேலை இல்ல. டிக்கெட்டை ரத்து பண்ணிடு."

மகன் போனைத் தேடிக்கொண்டு போனான். அவள் சோப்புத் தட்டைப் பார்த்தாள். புது வாஷர் உறையைப் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

அவர் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, முனகியபடி தொட்டியிலிருந்து எழுந்தார். அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அடுத்த தடவை நின்னுக்கிட்டே பார்க்கிற மாதிரி எதையாவது கெடுத்து வைம்மா. முட்டி தாங்கல."