மாத்திரை இல்லாத வைத்தியம்

கண்ணாடி முன்னால் நின்று மனைவி இரண்டாம் முறையாகப் பவுடர் போட்டுக்கொள்வதை, கட்டிலில் படுத்தபடியே முறைத்துக்கொண்டிருந்தார் கிரேன்காரர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை.

"தலைசுத்தலுக்கு வைத்தியம் பார்க்கப் போறவளுக்கு எதுக்குடி இவ்வளவு அலங்காரம்?"

"நாலு பேர் வர்ற இடம். அழுது வடியற மூஞ்சியோட போக முடியுமா?"

"மாத்திரை குடுக்கிறானா?"

"கிடையாது."

"ஊசி?"

"அதுவும் கிடையாது. அந்த பிசியோதெரபி தம்பி தலையை ரெண்டு கையாலயும் பிடிச்சு, மெதுவா இந்தப் பக்கம் ஒரு தரம், அந்தப் பக்கம் ஒரு தரம் திருப்புவார். என்ன பொறுமை, என்ன கனிவு! நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்களேன்."

"நான் எதுக்கு? முப்பது வருஷம் கிரேன் உச்சியில உட்கார்ந்தவன்டி நான். ஒரு நாளாவது ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சிருக்கேனா? தரையில நடக்கிற உனக்கு என்ன சுத்தல்?"

அவள் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டினாள். கல்யாணமான புதிதில் இவரைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு. அதுதான் பொறுக்கவில்லை.

விருட்டென்று எழுந்தார். ஆத்திரத்தில் அறையே ஒரு சுற்று சுற்றி நின்றது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, 'இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்' என்று பல்லைக் கடித்தார்.

தெருவில் அவள் முன்னால் போனாள். அவள் கண்ணில் படாமல் இவர் சுவரோரமாகக் கையை ஊன்றி ஊன்றிப் பின்தொடர்ந்தார். வழியில் இரண்டு இடத்தில் அவள் நின்று செருப்பைச் சரிசெய்தாள். நல்லவேளை, இவருக்கும் மூச்சு விட நேரம் கிடைத்தது.

கிளினிக் ஜன்னலில் எட்டிப் பார்த்தார். திரைகூட இழுத்து விடவில்லை, அவ்வளவு துணிச்சல்! உள்ளே கட்டிலில் அவள் சாய்ந்திருந்தாள். வாட்டசாட்டமான ஒருவன் அவள் முகத்தை இரு கைகளிலும் ஏந்தியிருந்தான். தம்பியாம், தம்பி!

அந்த முகத்தைத் தான் கடைசியாக எப்போது தொட்டோம் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார். "எடுடா கையை!"

கத்திய வேகத்தில் மனைவி பக்கம் வெடுக்கென்று தலையைத் திருப்பினார். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மேலே இருந்த விளக்கு கீழே வந்தது. அந்த இளைஞன் ஓடி வந்து தாங்கிப் பிடித்து, அவரைக் கட்டிலில் உட்கார வைத்தான்.

மனைவி பதறவே இல்லை. நிதானமாக இறங்கி, தான் சாய்ந்திருந்த தலையணையைத் தட்டி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"எனக்குச் செஞ்சு காட்டினது போதும். இல்லாத சுத்தலைச் சொல்லி, ஒரு வாரமா பவுடர் போட்டு இழுத்துட்டு வந்திருக்கேன். நான் சொன்ன தலைசுத்தல்காரர் இவர்தான், தம்பி!"