பத்து வருஷம் ரொம்ப அதிகம்

கப்பல்கள் தாமாகவே ஓடின. எங்காவது மோதினால் சிறைக்குப் போக மட்டும் ஓர் ஆள் வேண்டும். அவரைக் கேப்டன் என்றார்கள். அந்தப் படிப்புக்குத் தூத்துக்குடி பருப்பு வியாபாரி ஞானதிரவியத்தின் மகள் ஜெனிலாவுக்கு இடம் கிடைத்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வரத்தான் இருவரும் கல்லூரிக்குப் போனார்கள்.

அதிகாரி ஒப்பந்தத்தைப் பிரித்தார். “விபத்துன்னா பத்து வருஷம் உள்ள இருக்கணும்.”

“பத்தா? அநியாயமால்லா இருக்கு! நாலு போட்டுக் குடுங்க.”

“எட்டு, அண்ணாச்சி.”

ஞானதிரவியம் எழுந்து வாசல்வரை போனார்.

“சரி, அஞ்சு. இதுக்குக் கீழ கட்டுப்படியாகாது.”

அவர் திரும்பி வந்து உட்கார்ந்தார். ஜெனிலா அவர் சட்டையை இழுத்தாள். “அப்பா, வேண்டாம்னு சொல்லத்தான வந்தோம்?”

“ஏளா, சும்மா இரு. மனுஷன் பாதியா கொறச்சிருக்காரு. இனி எப்படி வேண்டாம்னு எந்திரிக்க?” என்று அவள் கையில் பேனாவைத் திணித்தார்.