துணைக்கு ஒருவர்

பஸ் வேகத்தடையில் ஏறிக் குதித்தது. பாண்டிச்செல்வத்தின் போனிலிருந்து ஹெட்போன் ஒயர் கழன்று விழ, அடுத்த நொடி போன் பஸ் முழுக்கக் கேட்கும்படி அலறியது.

"எந்தப் பாஸும் வேண்டாம்லே அனஸ். பாண்டிச்செல்வத்தைக் கூட்டிட்டுப் போறேன். துணைக்குப் போற எனக்கும் கால் டிக்கெட்தான். அவன் என்ன ஊர் பாக்கவா போறான்? எங்க எறக்கி விட்டாலும் அவனுக்கு ஒண்ணுதான்."

வந்த செய்திகளில் விரல் பட்டதை வாசித்துக் காட்டும் இயந்திரப் பெண் குரல். கோபமும் இல்லை, கிண்டலும் இல்லை. வானிலை அறிக்கை போல வாசித்து முடித்தது.

பக்கத்து சீட்டில் இருந்த விமலுக்கு உடம்பெல்லாம் கூசியது.

அது அவன் எழுதியது. செல்போன் கடை அனஸுக்குப் போக வேண்டியதை, நேற்று மில்லில் ஷிப்ட் முடிந்த அவசரத்தில் யாருக்குத் தட்டிவிட்டோம் என்பது இப்போதுதான் புரிந்தது.

மூன்று வாரமாக அவனும் அனஸும் மலிவான பஸ் பாஸ் தேடினார்கள். பத்து நாள் லீவு, முதுகில் ஒரு பை, கொடைக்கானல், ஊட்டி, ஏற்காடு. பக்கத்து மாநிலத்து வாரப் பாஸ் இங்கே செல்லாது. மாதப் பாஸ் நகர எல்லையைத் தாண்டாது. கடைசியில் லீவு கிடைக்காமல் அனஸும் கழன்றுகொண்டான்.

அப்போதுதான் தெருக்கோடி வீட்டுப் பாண்டிச்செல்வம் ஞாபகத்துக்கு வந்தான். பிறவியிலேயே பார்வை இல்லாதவன். அரசு அட்டையைக் காட்டினால் அவனுக்குக் கால் பங்குக் கட்டணம். துணைக்கு வருபவருக்கும் அதேதான்.

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் திரும்பி விமலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏலே, சோறுதான திங்குத?"

விமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மலை கூடவே வந்தது.

கண்டக்டர் வந்தார். பாண்டிச்செல்வம் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினான்.

"மதுரைண்ணே. நான் ஒண்ணு, துணைக்கு ஒருத்தர்."

"எனக்கு முழு டிக்கெட்டுண்ணே." விமல் பர்ஸை எடுத்தான்.

"அதான் அட்டை இருக்குல்ல தம்பி, பொறவு என்ன?"

மெஷின் இரண்டு சலுகை டிக்கெட்டைத் துப்பியது. தன்னுடையதை விமல் கைக்குள் சுருட்டினான், பிரித்தான், மறுபடி சுருட்டினான். பாண்டிச்செல்வம் போனைத் தடவி, ஒயரைத் தேடிச் சொருகினான். அவன் திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது விமலுக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழைந்து நின்றது. விமல் எழுந்து மேலேயிருந்த தன் பையை இழுத்தான். பாண்டிச்செல்வத்தின் மடியிலிருந்த பையையும் பிடித்தான்.

"எறங்கிருவோம்லே. உன்னைய வீட்டுல கொண்டு விட்டுருதேன். என்னால உன் பக்கத்துல உக்கார முடியல."

பாண்டிச்செல்வம் பையை விடவில்லை. புதுப் பை. விலைச்சீட்டு இன்னும் கைப்பிடியில் ஆடிக்கொண்டிருந்தது.

"அத நேத்தே கேட்டுட்டேன்லே. வரவே வேண்டாம்னுதான் ராத்திரி பூரா நெனச்சேன். ஆனா இருபத்தாறு வருசத்துல, ஊர் சுத்தப் போவோம் வாலேன்னு என்னையக் கூப்பிட்ட மொத ஆளு நீதான்."