நாலாம் நபர்

குணசேகரன் டம்ளரை நழுவவிட்டதில், மனைவி பிரகதீஸ்வரியின் நோட்டு காபியில் குளித்தது. அவள் ஆன்லைனில் பொதுச் சுகாதாரப் பட்டப்படிப்பு படிக்கிறாள். கடைசி ஆய்வறிக்கையை இன்றைக்குள் அனுப்பியாக வேண்டும்.

"டம்ளர் சரியில்ல" என்றார். "கை கழுவச் சொல்லித் தர்றதுக்கு ஒரு டிகிரி, அதுக்கு மூணு வருஷம்."

"எழுத்து அழியறதுக்குள்ள வாசிங்க. டைப் பண்ணிக்கறேன்."

இளக்காரமாக வாசித்தார். "நாலாம் நபர், பாபநாசம் விவசாயி. பூச்சிமருந்தை வெறுங்கையால் கலக்குகிறார். கையை வேட்டியில் துடைத்துவிட்டு வெற்றிலை போடுகிறார். விரல்கள் நடுங்குவதை ஒப்புக்கொள்வதில்லை."

அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "நானுந்தான் கையால கலக்குறேன், எனக்கென்ன கேடு வந்துச்சு? நடுங்குறதக்கூட ஒத்துக்காத இந்த மடையன் யாருடி?"

பிரகதீஸ்வரி டைப் பண்ணுவதை நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் நோட்டுல காபியக் கொட்டினவருதாங்க."