மணிக்கட்டுப் பட்டை

இரண்டு ஆட்கள் இன்னாசியை அவன் வீட்டுக் கூடத்திலேயே அமுக்கி ஸ்ட்ரெச்சரில் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“விடுங்கய்யா! துறைமுகத்துல மீன் ஏலம் கூறிட்டு இப்பதான் வந்தேன். கல்லு மாதிரி இருக்கேன்!”

“உங்க பட்டை அப்படிச் சொல்லலையே, அண்ணாச்சி,” என்றாள் மருந்து ஆய்வு நர்ஸ் ஷகிலா. “நாலு நாளா ஈரல் செத்துக்கிட்டிருக்கு. உடனே ஊசி போடணும்.”

மணிக்கட்டுப் பட்டை ரத்தத்தைப் படித்துச் சொன்னால் அதுதான் உண்மை. ஆள் சொல்வது எடுபடாது.

இன்னாசி உள்ளறைக் கதவைப் பார்த்தான். அங்கே அவன் மனைவி பிலோமினா கண் மஞ்சளித்துக் கிடந்தாள். இருவருக்கும் ஒரே வைரஸ்தான். ஆனால் ஈரல் ஏற்கெனவே கெட்டவள் என்று அவளைப் புது மாத்திரை ஆய்விலிருந்து கழித்துவிட்டு அவனை மட்டும் எடுத்திருந்தார்கள். உண்மையைச் சொன்னால் அவளுக்கு மருந்து நின்றுவிடும். சொல்லாவிட்டால் அவளைக் காப்பாற்றும் ஊசி அவன் கையில் ஏறும்.

“ஷகிலா! ஏழு மாசமா பட்டையைக் கட்டுனதும் அவளுக்குத்தான், புது மாத்திரையைக் குடுத்ததும் அவளுக்குத்தான். நீங்க வர்றப்ப மட்டும் பட்டையை நான் மாட்டிக்குவேன். அவளைப் பாரும்மா!”

ஷகிலா உள்ளே ஓடிப் பார்த்தாள். பிறகு யாருக்கு எந்த மாத்திரை என்ற ஆய்வு ரகசியத்தைத் திறக்கச் சொல்லித் தலைமையிடம் போனில் கேட்டாள். திரும்பியபோது அவள் முகம் செத்திருந்தது.

“உங்க டப்பாவுல இருந்தது மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை, அண்ணாச்சி. ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வுல பாதிப் பேருக்கு அப்படித்தான். ஆனா மதினி வழக்கமா சாப்பிடுற பழைய மாத்திரையைச் சாப்பிட்டிருந்தாலே வைரஸ் இப்படி ஆடாதே... அதை நிறுத்தலையே?”

இரண்டு மருந்து சேர்ந்தால் உடம்பு தாங்காது என்று, அவளுடைய பழைய மாத்திரைகளை அள்ளிக் கடலில் கொட்டியவன் இன்னாசிதான்.