மீசை இல்லாத மாப்பிள்ளை

மழைக்கு முன் கூடு கட்டியாக வேண்டும். பங்கஜம் காக்கைக்கோ இன்னும் மாப்பிள்ளை அமையவில்லை. வரன் தேடும் செயலியிடம் கறாராகச் சொன்னாள்: "கறுப்பா இருக்கணும், இனிமையாப் பாடணும், கூடு கட்டத் தெரியணும்."

"மூணும் சேர்ந்து யாருமே இல்லையே அம்மா," என்றது செயலி.

"சரி, ஏதாவது ஒண்ணு இருந்தாப் போதும். அனுப்பித் தொலை!"

கறுப்புப் பூனை ஒன்று கிளையேறி வந்து நாக்கைச் சுழற்றியது. பங்கஜம் உச்சிக்குப் பறந்து கத்தினாள்: "இதையா அனுப்புவே?"

"கறுப்புதானே? பறவையா இருக்கணும்னு நீங்க சொல்லவே இல்லையே."

"எனக்கே பாடமா? எழுதிக்கோ, மீசை மட்டும் கூடவே கூடாது!"

பூனை இறங்கிப் போனது. பங்கஜம் ஜம்பமாக இறகைக் கோதிக்கொண்டாள். மரத்தடியில் கருநாகம் தலை தூக்கி, "பொண்ணு வீடு இதுதானே?" என்று விசாரித்தது.