மிட்டாய்க்குக் காது கேட்காது

மூன்றாவது ஞாயிறாக முருகம்மாள் அக்கா எங்கள் நாய்க் காப்பகத்து முற்றத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

பத்தடி தள்ளி மிட்டாய் அவருக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

மிட்டாய் டெரியர் கலப்பு. எடை ஆறு கிலோ, அதில் பாதி திமிர். முகவாயில் வெள்ளாட்டுக்குட்டிக்கு இருப்பதுபோல ஒரு தாடி. ஐந்து மாதம் முன்பு மலையடிவாரத்து லோயர் கேம்ப் செக்போஸ்ட் பக்கம் மழையில் நனைந்து கிடந்ததை யாரோ அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்றிலிருந்து நான் கூப்பிட்டு அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. 'சிட்' என்றேன், 'கம்' என்றேன், 'உக்காரு சாமி' என்று கெஞ்சினேன். கடைசியில், காது கேட்காது என்று என் கைப்பட எழுதி அதன் கூண்டில் மாட்டினேன். சோற்றுத் தட்டுச் சத்தத்துக்கு மட்டும் எப்படி ஓடி வருகிறது என்று யோசித்திருக்கலாம். மோப்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

காப்பகத்தில் ஒரு சட்டம் உண்டு. பிடித்த நாயைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. நாய் தானாக அவர்களிடம் போக வேண்டும். கையில் தீனி இருக்கக் கூடாது. மூன்று ஞாயிறு பார்ப்போம், போகாவிட்டால் அடுத்த ஆளுக்கு.

சட்டம் போட்டது நான்தான். போட்டபோது பெரிய அறிவாளி என்று நினைப்பு.

வாலை ஆட்டிக்கொண்டு மடியில் ஏறுகிற நாய்கள் ஏழு இருந்தும் அக்காவுக்கு இதுதான் வேண்டுமாம். முதல் ஞாயிறே சொல்லிவிட்டார்.

"மக ஜோதிகாவத் திருப்பூருக்குக் கட்டிக் குடுத்தாச்சு ஜெஸ்லினு. சாயங்காலம் வீட்டத் தொறந்தா உள்ள ஒரு சீவன் இல்ல. காது கேக்காட்டி என்ன, நான் பேசுறத இதுவரைக்கும் யாரு கேட்டா?"

இன்று கடைசி ஞாயிறு. பன்னிரண்டு மணிக்குச் சின்னமனூரிலிருந்து அடுத்த குடும்பம் வருகிறது. மணி பதினொன்றே முக்கால். கல்யாண வீட்டுக்கு வருவதுபோல நல்ல சேலை உடுத்தி வந்திருந்த அக்காவைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

"ஏலே மிட்டாயி, ஓடியாடா" என்றார்.

மிட்டாய் கழுத்தைச் சொறிந்துகொண்டது.

அப்போதுதான் தீவன மூட்டை இறக்க வந்த ஆட்டோக்காரர் கேட்டைத் திறந்து போட்டார். மிட்டாய் எழுந்தது. மார்க்கையன்கோட்டை ரோட்டைப் பார்த்து ஒரே ஓட்டம். ரோட்டில் செங்கல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

நான் பெயர் சொல்லிக் கத்தினேன். காது கேட்காது என்று எழுதி மாட்டியவளே கத்தினேன்.

"நிக்கவிடே!"

அது அக்காவின் குரலே இல்லை. யாரோ ஓர் ஆணின் அதட்டல் அவர் அடிவயிற்றிலிருந்து வந்தது.

மிட்டாய் நின்றது. கேட்டுக்கு இந்தப் பக்கம், நான்கு காலையும் மண்ணில் ஊன்றி நின்றது. லாரி புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

அக்கா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். பிறகு மெல்ல விரலை எடுத்துவிட்டு, பயந்து பயந்து சொன்னார்.

"இரி."

உட்கார்ந்தது.

"எணீக்கு."

எழுந்தது.

"இங்ஙோட்டு வா. வேகம், வேகம்!"

ஆறு கிலோவும் பறந்து வந்து மடியில் விழுந்தது. நல்ல சேலையெல்லாம் மண். முகத்தை நக்கியது, தன் வாலைத் தானே துரத்தியது, ஐந்து மாதமாகத் தன்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று என்னைப் பார்த்துப் புகார் சொல்லி ஊளையிட்டது.

"மிண்டாதிரி!"

கப்சிப்.

ஆட்டோக்காரர் மூட்டையைப் போட்டுவிட்டுக் கை தட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே தெரியவில்லை. செவிடாவது ஒன்றாவது! மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த மலையாளத்து நாய். கம்பம் பள்ளத்தாக்கிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை. என்னைத்தான் கூண்டில் போட வேண்டும்.

சின்னமனூர்க் குடும்பத்துக்கு உடனே போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன்.

"ஒங்க நாய்தான்க்கா. சட்டப்படி ஒங்க நாய். நிறுத்தாதீங்க, மலையாளத்துலயே கொஞ்சுங்க" என்றேன்.

அக்கா மிட்டாயின் தாடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்தினார். அடுத்த சொல்லுக்காக அது கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா வாயைத் திறந்தார். யோசித்தார். மூடிக்கொண்டார்.

"அது தெரியாதே ஆத்தா" என்றார், சிரித்துக்கொண்டேதான். "இருவது வருசமா விடிய முன்ன ஜீப்புல ஏறி மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போறேன். அங்கன மேஸ்திரிமாரு எங்ககிட்டப் பேசுன மலையாளம் இம்புட்டுத்தான்."

என் சிரிப்பு நின்றுவிட்டது.

அவருடையது நிற்கவில்லை. மிட்டாயின் ஒரு காதைத் தூக்கி, அதில் வாயை வைத்து, "என் தங்கமே, என் ராசா, என்னப் பெத்த ஐயா" என்று ஆரம்பித்தார்.

ஒரு சொல்லும் புரியாமல் அது வாலை ஆட்டோ ஆட்டென்று ஆட்டியது.